ஐந்து லூர் குடை ரிக்கும் நம் ஊர்க் கொடுவாவும்

கேள்வி: வணக்கம் அண்ணே. எனக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம். மாமா மகன் டெக்சாஸில் இருக்கிறான். அங்கே ஏரியில் பாஸ் மீன் பிடிக்கிறான். கம்பிக் குடை மாதிரி விரிந்து ஐந்து லூர் (போலி இரை) ஒன்றாக நீந்தும் ரிக்கை, அதாவது தூண்டில் அமைப்பை, வீடியோவில் காட்டினான். தை மாதம் ஊருக்கு வரும்போது வாங்கி வருகிறேன், லிஸ்ட் போட்டு அனுப்பு என்கிறான். என்னிடம் இருப்பது 7 அடி ராடு (10-30 கிராம் எடை வீசலாம்), 3000 சைஸ் ஸ்பின்னிங் ரீல், 20 பவுண்டு பிரெய்டு (பின்னல் கயிறு). முத்துப்பேட்டை பக்கம் கொடுவாவுக்கும் ஊர் வாய்க்காலில் விராலுக்கும் போவேன். இந்த ராடிலேயே அந்த ரிக்கைப் போடலாமா, புதிதாக வாங்க வேண்டுமா? பதினைந்தாயிரம் வரை செலவழிக்க முடியும்.

பதில்: தம்பி, அந்த ராடில் ஐந்து லூர் ரிக்கைப் போடவே போடாதீர்கள். முதல் வீச்சிலேயே ஒடியும் என்று சொல்லவில்லை. நாலு வீச்சு தாங்கும், ஐந்தாவதில் ஒடியும். என் கடைக்கு ரிப்பேருக்கு வருகிற ராடுகளில் நுனியிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தள்ளி ஒடிந்து வருபவைதான் அதிகம். கார்பன் நார் நீளவாக்கில் பிளந்து, ஒடிந்த இடம் துடைப்பக்குச்சி போலச் சிலிர்த்து நிற்கும். மீன் இழுத்தா ஒடிந்தது என்று கேட்டால் இல்லை, வீசும்போது என்பார்கள். எத்தனை கிராம் போட்டீர்கள் என்றால் பதில் வராது.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. கம்பிக்கூடு மட்டும் 15 முதல் 20 கிராம் வரும். ஒவ்வொரு கம்பியிலும் 7 கிராம் ஜிக் ஹெட் (ஈயத்தலை வைத்த முள்), அதில் கோத்த நாலு அங்குல ரப்பர் மீன் இன்னொரு 7 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஐந்துக்கும் சேர்த்து 70 கிராம். கூட்டினால் 90-ஐ நெருங்கிவிட்டது. உங்கள் ராடின் எல்லை 30. ஜிக் ஹெட்டைப் பாதியாகக் குறைத்து 3.5 கிராம் போட்டாலும் 70-ஐ ஒட்டித்தான் நிற்கும். இது வீசும்போது உள்ள எடை மட்டும். தண்ணீருக்குள் ஐந்து வாலும் ஒரே நேரத்தில் ஆடும்போது இழுவை தனி. 3000 ரீலில் அதை அரை மணி நேரம் சுற்றிப் பாருங்கள், மணிக்கட்டு பேசும்.

உங்கள் மாமா மகன் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் இந்த ரிக் பெரிய ரகளையே செய்தது. கடலில் படகுக்குப் பின்னால் இழுத்துப் போகிற குடை ரிக் அங்கே வெகுகாலமாக உண்டு. அதைக் கையால் வீசுகிற அளவுக்குச் சுருக்கியவர் அலபாமாக்காரர் ஆண்டி பாஸ் (Andy Poss). 2011 அக்டோபரில் கன்டர்ஸ்வில் ஏரியில் நடந்த போட்டியில் பால் எலியாஸ் இதைப் போட்டு, நாலு நாளில் இருபது மீன், 102 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 46 கிலோ பிடித்து ஜெயித்தார். அப்புறம் எல்லோரும் அதன் பின்னால் ஓடினார்கள். அடுத்த ஆண்டே பாஸ்மாஸ்டர் எலைட் போட்டிகளில் தடை போட்டார்கள். ஒரே தூண்டிலில் எத்தனை முள் இருக்கலாம் என்பதற்குப் பல மாநிலங்களில் வரம்பும் இருக்கிறது. அதனால்தான் அங்கே ஐந்தில் இரண்டு, மூன்று லூரை முள் இல்லாமல் வெறும் அலங்காரத்துக்கு மாட்டுவார்கள். மாமா மகனின் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், எல்லாவற்றிலும் முள் இருக்கிறதா என்று.

அங்கே அது ஏன் எடுபடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் நம் ஊரில் எங்கே எடுபடாது என்பது தானாக விளங்கிவிடும். ஏரி ஆழம். தண்ணீர் தெளிவு. குளிர்காலத்தில் ஷாட் என்கிற பொடிமீன் கூட்டங்கூட்டமாக நடுத்தண்ணீரில் மிதக்கும். அதன் பக்கத்திலேயே பாஸும் அசையாமல் நிற்கும். ஒற்றை லூரைத் துரத்தச் சோம்பல்படும் மீன், ஒரு கூட்டமே கண் முன்னால் போகும்போது விடுவதில்லை. கூட்டத்தில் பின்தங்கிய ஒன்றைத்தான் அடிக்கும். நடுக்கம்பியில் மாட்டும் லூரை மற்ற நாலையும்விட ஒரு அங்குலம் பெரிதாகவோ வேறு நிறத்திலோ போட்டு, கொஞ்சம் பின்னால் தொங்கவிடுவது அதற்குத்தான்.

இப்போது முத்துப்பேட்டைக்கு வாருங்கள். லகூனில் பல இடத்தில் தண்ணீர் இடுப்பளவு, சில இடத்தில் முழங்கால்தான். அடியில் சேறு, சேற்றில் அலையாத்தியின் மூச்சுவேர் குத்திட்டு நிற்கும். 2018 நவம்பரில் கஜா அடித்துச் சாய்த்த மரங்கள் வேறு. கட்டுவலைக் கழி, அறுந்துபோன வலைத்துண்டு, சிப்பி ஒட்டிய கல் என்று எது எங்கே கிடக்கிறது என்று ஊர்க்காரருக்கே தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் கோரையாறும் பாமணியாறும் வண்டல் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும்போது கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது. அந்த நேரத்தில் ஐந்து லூரின் அழகைப் பார்க்க எந்த மீனுக்கும் வாய்ப்பில்லை. ஐந்து முள்ளும் ஐந்து இடத்தில் மாட்டத்தான் வாய்ப்பு. ஒரு முறை மாட்டி அறுந்தால் போவது ஐந்து ஜிக் ஹெட், ஐந்து ரப்பர், ஒரு கம்பிக்கூடு. வீசுகிற கை அப்புறம் தயங்க ஆரம்பித்துவிடும். தயங்கி வீசுகிறவனுக்கு மீன் கிடைக்காது.

அதனால் ஒரு முடிவோடு சொல்கிறேன்: உங்களுக்கு வேண்டியது இரண்டு லூர் ரிக். மூன்று கம்பியுள்ள சின்னக் குடை ஒன்றைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். ஐந்து கம்பி வேண்டாம்.

இரண்டு லூர் ரிக்கை நீங்களே கட்டலாம், கடையில் வாங்க வேண்டியதில்லை. மூன்று வளையமுள்ள ஸ்விவல் ஒன்று எடுங்கள். மேல் வளையத்தில் பிரெய்டிலிருந்து வரும் லீடர், அதாவது முனையில் சேர்க்கும் தடித்த கயிறு: 50 பவுண்டு மோனோ (ஒற்றை இழை நைலான்), இரண்டடி. பக்க வளையத்தில் 30 பவுண்டு தங்கூஸில் ஒரு சாணுக்கும் குறைவான கிளை. அதில் எடையே இல்லாத முள்ளில் அல்லது மிகச் சின்ன ஜிக் ஹெட்டில் மூன்று அங்குல ரப்பர். கீழ் வளையத்தில் 40 பவுண்டு மோனோ, இரண்டடிக்குக் கொஞ்சம் குறைத்து. அதன் முனையில் 10 கிராம் ஜிக் ஹெட்டில் நாலு அங்குல வாலாட்டி ரப்பர்.

இந்த அளவுகள் வாய்க்கு வந்தபடி சொன்னவை இல்லை. கனமானது பின்னால் இருந்தால் வீசும்போது அது முன்னே பறக்கும், லேசானது அதன் பின்னால் இழுபட்டுப் போகும், ஒன்றோடொன்று சுற்றிக்கொள்ளாது. கிளை நீளம் கீழ்க்கயிற்றின் நீளத்தில் பாதியைத் தாண்டினால் சிக்கல் ஆரம்பித்துவிடும். பலம் மூன்று படியாக இறங்குவதும் காரணத்தோடுதான். கிளை வேரில் மாட்டி இழுத்தால் 30 பவுண்டு அறுந்து ஒரு ரப்பரோடு போய்விடும், மற்றது பிழைக்கும். மேல் லீடர் எப்போதும் எல்லாவற்றையும்விடப் பலமாக இருக்க வேண்டும். இரண்டு மீன் ஒரே நேரத்தில் மாட்டினால் இரண்டின் பாரமும் அதில்தான். கொடுவா ஜோடியாக மாட்டுவது அபூர்வம். பாறைமீன் குஞ்சுக் கூட்டத்தில் அடிக்கடி நடக்கும்.

இதன் மொத்த எடை 25 கிராமுக்குள் அடங்கும். ஆக, பிரெய்டை மட்டும் 40 பவுண்டுக்கு மாற்றிவிட்டால் இப்போது உங்களிடமிருக்கும் ராடிலேயே இதை நாளைக்கே போட்டுப் பார்க்கலாம். ராடில் 30 கிராம் என்று அச்சிட்டிருந்தால் அது கடைசி எல்லை. நான் அதில் எண்பது சதவீதத்தைத் தாண்ட விடமாட்டேன். 24, 25 கிராம் வந்துவிட்டால் சாட்டை சொடுக்குவது போல் வெடுக்கென்று வீசாமல், பின்னால் ரிக் முழுக்கத் தொங்கி நின்றபின் தள்ளி வீசுங்கள். எடை கூடக்கூட வீச்சு மெதுவாக வேண்டும்.

போட வேண்டிய இடம், நேரம்: தை பிறந்து தண்ணீர் தெளிய ஆரம்பித்ததிலிருந்து பங்குனி வரை. வற்றம் இறங்கும்போது வாய்க்கால் வந்து ஆற்றில் சேரும் இடத்தில், மடவைக்குஞ்சு கூட்டமாக வெளியே வரும் வாயில் நில்லுங்கள். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உயர வித்தியாசம் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் இழுப்பு கண்ணுக்குத் தெரியும். அப்போது கொடுவா ஓட்டத்துக்கு எதிர்முகமாக, ஏதாவது ஒரு கழியின் நிழலில் நிற்கும். பெரிய வாயை ஒரு கணம் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்டவுடன் ராடைத் தூக்காதீர்கள், கயிறு கனக்கும்வரை சுற்றிக்கொண்டே இருங்கள். இரண்டு லூர் ரிக்கில் அவசரப்பட்டுத் தூக்கினால் முன்னால் இருக்கும் சின்ன முள் மீனின் முதுகிலோ செதிலிலோ வெளிப்பக்கமாக மாட்டிக்கொள்ளும். அப்படி மாட்டிய மீனை இழுப்பது பெரும்பாடு.

இனி பதினைந்தாயிரம். முதலில் ராடு. 8 அடி, இரண்டு துண்டு, 20-60 கிராம் என்று அச்சிட்ட ஸ்பின்னிங் ராடு. அமெரிக்காவில் குடை ரிக்குக்கென்றே ஏழே முக்கால், எட்டு அடியில் ஒற்றைத் துண்டு பெய்ட்காஸ்டர் ராடு (வீசும்போது ஸ்பூலே சுழலும் ரீலுக்கானது) விற்கிறார்கள், 1 முதல் 4 அவுன்ஸ் என்று போட்டிருக்கும். அது ஐந்து லூர் ரிக்குக்குச் சரியான ராடுதான், சந்தேகமில்லை. ஆனால் எட்டு அடி ஒற்றைத் துண்டை விமானத்தில் எப்படி ஏற்றுவது? ஏற்றினாலும் திருத்துறைப்பூண்டியிலிருந்து பைக்கில் எப்படிக் கொண்டுபோவது? படகில் ஏற்றி வண்டியில் இழுத்துப் போகிறவர்களுக்கான சாமான் அது. இரண்டு துண்டு ராடின் இணைப்பு பலவீனமானது என்று சொல்வார்கள்; இப்போது வரும் நல்ல ராடுகளில் அந்தக் குறை இல்லை. இணைப்பில் மெழுகு கொஞ்சம் தேய்த்துவிட்டு, ஐந்தாறு வீச்சுக்கு ஒருமுறை முறுக்கிச் சரிபாருங்கள், போதும். அன்டெனா போல இழுத்து நீட்டும் டெலஸ்கோப் ராடு மட்டும் வேண்டாம். விலை மலிவு என்று வாங்கியவர்கள்தான் எனக்கு ரிப்பேர் வேலை கொடுக்கிறார்கள்.

ராடின் வளைவு பற்றி ஒரு வார்த்தை. கடையில் எல்லோரும் நுனியை ஆட்டிப் பார்த்துவிட்டு, நுனி மட்டும் வளைந்து மற்றது விறைப்பாக நிற்பதை நல்ல ராடு என்கிறார்கள். ஒற்றை ஜிக்குக்கு அது நல்லது. பல லூருக்கு நடுப்பகுதி வரை வளைவதுதான் வேண்டும். எடையைப் பின்னால் வாங்கி முன்னால் தள்ள அந்த வளைவுதான் வேலை செய்யும். இரண்டு முள்ளில் மாட்டிய மீன் தலையை ஆட்டும்போது வாயைக் கிழித்துக்கொண்டு முள் வராமல் காப்பதும் அதே வளைவுதான்.

ரீல் 4000 சைஸ். டிராக், அதாவது மீன் இழுக்கும்போது கயிற்றை விட்டுக்கொடுக்கும் பிடி, 8 கிலோ என்று பெட்டியில் போட்டிருந்தால் தாராளம். பெட்டியில் 12, 15 என்று பெரிய எண் போட்டு விலை குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். வேகம் முக்கியம். கைப்பிடி ஒரு சுற்றுக்கு, ஸ்பூலில் கயிற்றைச் சுற்றும் ரோட்டர் ஆறேகால், ஆறரை முறை சுற்றும் ரீல்தான் இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது. பல லூர் இழுக்க ஐந்து, ஐந்தரை போதும். பல்சக்கரத்துக்குப் பாரம் குறையும், நீங்களும் நினைத்தால்கூட வேகமாக இழுக்க முடியாது. இந்த ரிக்கை மெதுவாக இழுப்பதுதான் பாதி வித்தை. அமெரிக்கர்கள் இதற்குப் பெய்ட்காஸ்டர் ரீல்தான் போடுவார்கள். கையில் பழக்கம் இல்லாதவர் எழுபது எண்பது கிராமைப் பெய்ட்காஸ்டரில் வீசும்போது ஸ்பூல் ஒரு கணம் முந்தினால் கயிறு கூடு கட்டிக்கொள்ளும், ரிக் அறுந்து தனியாகப் பறக்கும். முன்னால் யாராவது நின்றால் விபரீதம். நீங்கள் ஸ்பின்னிங்கிலேயே இருங்கள்.

ரீல்தான் உப்புத்தண்ணீரில் முதலில் சாகும் சாமான். லைன் ரோலர், அதாவது கயிறு திரும்புகிற அந்தச் சின்ன உருளை, அதற்குள் உப்பு பூத்து உருளை சுற்றாமல் நின்றுவிடும். சுற்றாத உருளையில் பிரெய்டு தேய்ந்து பஞ்சாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் டிராக் திருகை இறுக்கிவிட்டு, குழாய்த் தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பை உள்ளே தள்ளிவிடும். காய்ந்ததும் திருகைத் தளர்த்தி வையுங்கள். உருளையில் ஒரு சொட்டு ரீல் எண்ணெய். தேங்காயெண்ணெய் விட்டுக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள், அது உள்ளே பிசினாகிவிடும்.

பிரெய்டு 40 பவுண்டு, எட்டு இழை, 150 மீட்டர் போதும். ஐந்து லூருக்கு அமெரிக்காவில் 65 பவுண்டு போடுவார்கள். நமக்கு அந்த எடையே இல்லை. 40 பவுண்டு பிரெய்டிலும் 40 கிராமுக்கு மேல் வீசும்போது ஆள்காட்டி விரலில் ஒரு பழைய தோல் கையுறையின் விரலை வெட்டி மாட்டிக்கொள்ளுங்கள். பிரெய்டு விரலை அறுக்கும். வலிக்காது, ரத்தம் வந்த பிறகுதான் தெரியும். பிரெய்டையும் லீடரையும் எஃப்ஜி முடிச்சில் சேர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து கட்டிப் பழகிவிட்டால் படகில் இருட்டிலும் கை வரும். முடிச்சு மெலிதாக இருக்கும், வளையத்தில் தட்டாது.

லீடரில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். கொடுவாவுக்குக் கடிக்கும் கோரைப்பல் கிடையாது, ஆனால் உதட்டுக்குள் அரம் மாதிரிச் சொரசொரப்பு. செவுள் மூடியின் ஓரமோ கத்தி. ஒரு மீனை இழுத்த பிறகு முனையிலிருந்து ஒரு முழத்தை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். டிராக்கை லக்கேஜ் தராசு மாட்டி நாலு, நாலரை கிலோவில் விடத் தொடங்குமாறு வையுங்கள். மரத்துக்குள் ஓடப் பார்க்கும் மீனுக்கு இதற்குக் குறைத்தால் பிடி இருக்காது, அளவுக்கு மீறிக் கூட்டினால் இரண்டு லூர் ரிக்கில் கிளை முடிச்சு அறலாம்.

முள்ளில்தான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். டெக்சாஸ் கடையில் பாஸுக்கென்று விற்கும் ஜிக் ஹெட்டின் முள் மெல்லிய கம்பி. பாஸின் வாயில் சுலபமாக இறங்க வேண்டும் என்று அப்படிச் செய்கிறார்கள். மூன்று கிலோ கொடுவா திரும்பி ஒரு உதறு உதறினால் அந்த முள்ளின் வளைவு விரிந்து L எழுத்து போல் நிற்கும். மாமா மகனிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: உப்புத்தண்ணீர் முள், தகரப்பூச்சு, தடித்த கம்பி. முள் அளவு நாலு அங்குல ரப்பருக்கு 4/0, மூன்று அங்குலத்துக்கு 2/0. டெக்சாஸுக்கும் கடல் இருக்கிறது, வளைகுடா ஓரத்துக் கடைகளில் இது சாதாரணமாகக் கிடைக்கும். ஸ்விவலும் ஸ்னாப்பும் அதே மாதிரி. நூறு ரூபாய்க்கு நூறு என்று வரும் ஸ்னாப் கொடுவா உதறும்போது வாயைத் திறந்துவிடும். பலம் எத்தனை பவுண்டு என்று அட்டையில் அச்சிட்டதை மட்டும் வாங்குங்கள்.

நிறம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் நீட்டமாட்டேன். தெளிந்த தண்ணீரில் வெள்ளை, வெள்ளி. கலங்கலில் கறுப்பு அல்லது அழுத்தமான ஊதா. இருபது நிறம் வாங்கும் காசில் ஒரு நல்ல இடுக்கி வாங்கலாம்.

இடுக்கியைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு லூரில் மீன் மாட்டினால் மற்ற லூர்களின் முள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். கரைக்கு இழுத்து வந்து மீனின் வாயைப் பிடிக்கக் குனிகிற நேரம் அது ஒரு உதறு உதறும். மற்ற முள் உங்கள் உள்ளங்கையில், மறுமுனையில் துள்ளும் மீன், இரண்டையும் இணைத்து ஒரு கயிறு. இரண்டு லூருக்கே இந்தக் கதை என்றால் ஐந்துக்கு யோசியுங்கள். அதனால் வாயைக் கையால் பிடிக்கவே கூடாது. உதட்டைக் கவ்வும் கிரிப் ஒன்று, எட்டு அங்குல நீள இடுக்கி ஒன்று, கம்பி வெட்டும் கட்டர் ஒன்று, மூன்றும் இடுப்பில் இருக்க வேண்டும். பையின் அடியில் இருந்து பயனில்லை. மீன் கையில் வந்ததும் முதல் வேலை ஆடுகிற கிளையைக் கட்டரால் நறுக்குவது. முப்பது பவுண்டு தங்கூஸ் என்ன விலை? வலைக்கூடை வைத்திருந்தால் ரப்பர் பூசிய வலையாக இருக்கட்டும். நூல் வலையில் இரண்டு முள் மாட்டினால் மீனை விட்டுவிட்டு வலையோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். முள்ளின் எதிர்முனை நாக்கை இடுக்கியால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். கயிறு தளராமல் இழுத்தால் மீன் தப்பாது. கையில் குத்தினால் எடுப்பதும் சுலபம், மீனை விடுவதும் சுலபம். ஆழமாக ஏறிவிட்டால் வீரம் காட்டாமல் கயிற்றை வெட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டிடி ஊசியும் போட வேண்டும்.

மீனை விடுவது என்றேன். கொடுவா பிறந்து வளர்ந்து சில வருஷம் ஆணாக இருக்கும், அப்புறம் பெண்ணாக மாறும். ஆக, கையில் வரும் பெரிய கொடுவா அநேகமாக முட்டையிடும் தாய். மழைக்காலம் முடிந்து ஆற்றுக்குள் ஏறும் குஞ்செல்லாம் முகத்துவாரத்துப் பக்கம் இவை போட்ட முட்டையில் வந்தவைதான். சமையலுக்கு இரண்டு கிலோ மீன் போதும், ருசியும் அதுதான்.

மூன்று கம்பிக் குடையை எங்கே போடுவது? முத்துப்பேட்டையில் இல்லை. ஆழமும் தெளிவும் உள்ள இடம் வேண்டும்: அரசலாறு கடலில் சேரும் காரைக்கால் முகத்துவாரத்துக் கல்தடுப்பு, பூம்புகார்ப் பக்கத்துத் துறைமுகக் கற்சுவர் போன்றவை. மாசி, பங்குனியில் கடல் அமைதியாக இருக்கும்போது, சாளைக்கூட்டம் கரையை ஒட்டி வரும் காலைநேரத்தில் போட்டுப் பாருங்கள். மூன்று அங்குல ரப்பர், 3.5 கிராம் ஜிக் ஹெட் என்று லேசாகக் கட்டினால் மொத்தம் 40 கிராமைத் தாண்டாது. 20-60 ராடுக்கு அளவான பாரம். பாறையும் சீலாவும் அடிக்கும். சீலா அடித்தால் ரப்பர் பாதியாகத் திரும்பி வரும், அதற்கு மனசைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். மீனவர் படகு உள்ளே வரும் பாதையில் மட்டும் வீசாதீர்கள். ஒருவருடைய பிழைப்பின் குறுக்கே நம் பொழுதுபோக்கு போகக் கூடாது.

விராலுக்குப் பல லூர் எதுவும் வேண்டாம். ஆகாயத்தாமரையும் வேலம்பாசியும் மண்டிய வாய்க்காலில் இரண்டாவது முள் பாசியைத்தான் பிடிக்கும். முள் உடம்போடு ஒட்டி மறைந்திருக்கும் தவளை லூர் ஒன்றே ஒன்று, உங்கள் பழைய 7 அடி ராடு, பிரெய்டை மட்டும் 40-க்கு மாற்றுங்கள். செக்கச்செவேலென்று குஞ்சுக்கூட்டம் மேலே வந்து மூச்சு வாங்குவதைப் பார்த்தால் அங்கே வீசாமல் நகர்ந்துவிடுங்கள். கீழே காவல் நிற்கும் தாய் தகப்பன் லூரைத் துரத்தி அடிக்கும்; பிடிப்பது சுலபம்தான், அடுத்த நாளே அந்தக் குஞ்செல்லாம் கெளுத்திக்கும் நாரைக்கும் போகும்.

இடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முத்துப்பேட்டை அலையாத்தி காப்புக்காடு. ஜாம்புவானோடைப் பக்கமிருந்து படகில் உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். தூண்டில் கொண்டுபோகலாமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். கோடியக்கரை சரணாலயத்துக்குள் அந்த எண்ணமே வேண்டாம். ஏரி, குளம் என்றால் குத்தகைக்காரர் இருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் சரி என்பார், கேட்காமல் போனால் ராடு பறிபோகும்.

காசைப் பிரித்தால் ரீலுக்கு ஆறாயிரம், ராடுக்கு நாலாயிரம், பிரெய்டுக்கும் லீடருக்கும் இரண்டாயிரம். மிச்சம் மூவாயிரத்தில் கிரிப், இடுக்கி, கட்டர், ஜிக் ஹெட், ரப்பர். ராடையும் ரீலையும் இங்கேயே வாங்குங்கள். ரிப்பேர் என்றால் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு கடை வேண்டும், வாரன்ட்டி அட்டை டெக்சாஸில் இருந்து என்ன பயன்? மாமா மகன் அங்கிருந்து கொண்டுவர வேண்டியவை சின்னச் சாமான்கள்: தடித்த உப்புத்தண்ணீர் ஜிக் ஹெட் 3.5, 7, 10 கிராமில் (அங்கே கேட்கும்போது கால் அவுன்ஸ் என்றால் 7 கிராம், அதில் பாதி 3.5, முக்கால் அவுன்ஸில் பாதி, அதாவது 3/8 அவுன்ஸ், என்றால் பத்தரை), பலம் அச்சிட்ட மூன்று வளைய ஸ்விவல், ஸ்னாப், மூன்று மற்றும் நாலு அங்குல வாலாட்டி ரப்பர் பைகள், மூன்று கம்பிக் குடை இரண்டு. ரப்பரை நிறம் நிறமாக ஒரே டப்பாவில் கலந்து போட வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் ஊர் வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிச் சாயம் இறங்கிவிடும், வந்த பையிலேயே இருக்கட்டும். முள்ளும் இடுக்கியும் செக்-இன் பெட்டியில்தான் வர வேண்டும், கையில் எடுத்துவரும் பையில் வைத்தால் செக்யூரிட்டியில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.

ஐந்து கம்பிக் குடையை ஏற்கெனவே வாங்கிவிட்டான் என்றால் திருப்பிக் கொடுக்கச் சொல்ல வேண்டாம். வந்ததும் பக்கக் கம்பி இரண்டைக் கட்டரால் அடியோடு நறுக்கி, வெட்டின முனையை அரத்தால் ராவிவிட்டால் அதுவே மூன்று கம்பி ஆகிவிடும். எதிரெதிரான இரண்டாகப் பார்த்து நறுக்குங்கள். ஒரே பக்கத்து இரண்டை நறுக்கினால் இழுக்கும்போது குடை ஒருபக்கமாகச் சாய்ந்து சுற்ற ஆரம்பிக்கும்.